அயோத்திதாசப் பண்டிதரும் கொள்ளைநோய்க் காலத்துச் சென்னையும்

தென்மாவட்டங்களிலிருந்து புறப்படும் இரவு ரயில்கள் விடியற்காலையில் தாம்பரத்தை அடைகின்றன. ஏரல், ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம் பகுதிகளிலிருந்து மூட்டுவலிக்கும் தோல்நோய்க்கும் மருந்து தேடிச் செல்வோரில் சிலர் எழும்பூர் வரை போவதில்லை. தாம்பரத்திலேயே இறங்கிச் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வரிசையில் நிற்கிறார்கள். அந்த மருத்துவமனைக்கு இடப்பட்டிருக்கும் பெயர் அயோத்திதாசப் பண்டிதர். அந்த இடத்தின் பெயரே ஒரு தொற்றுநோயால் வந்தது. காசநோயாளிகளுக்காக 1928ஆம் ஆண்டில் மருத்துவர் சௌரிமுத்து அங்கே நிறுவிய சானடோரியத்தின் நினைவாகவே அது இன்றும் அழைக்கப்படுகிறது.

பண்டிதரை நாம் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாக அறிவோம். தமிழன் இதழின் ஆசிரியராகவும், திராவிடர் என்ற சொல்லை அரசியல் அடையாளமாக முதலில் கையாண்டோரில் ஒருவராகவும் அறிவோம். அவருடைய பிழைப்பு வைத்தியம் என்பதை மட்டும் ஓர் அடைமொழியாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். வாந்திபேதியும் பெரியம்மையும் பிளேக்கும் சேரிகளை வரிசையாகச் சூறையாடிய காலத்தில், நாடி பிடித்துப் பார்க்கும் ஒரு மனிதர் சாதியைப் பற்றி எழுதினார் என்பதை மனத்தில் இருத்தினால் அவருடைய எழுத்துகள் வேறு வெளிச்சத்தில் தெரிகின்றன. அந்த வெளிச்சத்தில் அவருடைய வாழ்வைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதே வெளிச்சத்தில் அவரது எல்லையும் தெரிகிறது. அதையும் நாம் மறைக்கப் போவதில்லை.

1845 மே 20 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாட்டனார் கந்தப்பன் ஆங்கிலேய அதிகாரியான ஆர்லிங்டன் என்பவரிடம் பட்லராக இருந்தவர். குடும்பத்தின் வசமிருந்த திருக்குறள் ஓலைச்சுவடி அந்தப் பாட்டனார் வழியாகவே எல்லீஸ் துரையின் கைக்குச் சென்றது என்பது பலரும் அறிந்த செய்தி. தீண்டத்தகாதோர் எனப்பட்ட குடும்பத்தின் பரணில் குறளும் வைத்திய நூல்களும் இருந்தன என்பது இன்றைய கல்லூரி மாணவருக்கு வியப்பைத் தரலாம். அக்காலத்தவருக்கு அதில் வியப்பில்லை. வள்ளுவர், பறையர் குடிகளில் சோதிடமும் வைத்தியமும் தலைமுறைத் தொழில்களாகவே இருந்தன. காத்தவராயனும் அந்த மரபில்தான் சித்த மருத்துவம் கற்றார். தமக்குக் கல்வி புகட்டிய கவிராஜ பண்டிதரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டு அயோத்திதாசர் ஆனார்.

குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தது. தேயிலை, காப்பித் தோட்டங்கள் மலைகளை வளைத்துக்கொண்டிருந்த காலம் அது. சமவெளியிலிருந்து வேலைக்கு ஏறி வந்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற பறையர் குடும்பத்தினர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் பசியால் மாண்டவர்களுக்கு இணையாக வாந்திபேதியால் மாண்டவர்களும் இருந்தனர். கஞ்சித்தொட்டி முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நீர்நிலையைச் சார்ந்து கிடந்ததால், பசிக்குத் தப்பியவரை நோய் பிடித்தது. அந்தப் பத்தாண்டிலேயே பண்டிதர் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். அப்போது அவர் பௌத்தர் அல்லர். சாதிக்கு மருந்து வேதாந்தத்திலேயே கிடைக்கும் என்று நம்பிய காலம். அந்த நம்பிக்கை நீண்ட நாள் நிலைக்கவில்லை.

அக்காலத்து நோயறிவைச் சற்று நினைவூட்டிக்கொள்வது நல்லது. காலரா தண்ணீரால் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்நோ 1854இலேயே காட்டியிருந்தார். இந்தியாவின் ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகளில் பலர் அதை ஏற்கவில்லை. காற்றும் மண்ணும் பருவமும் சேர்ந்து விளைவிக்கும் கேடு என்றே எழுதிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவுக்கு வந்திருந்த ராபர்ட் கோக் 1884இல், சேரி மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலேயே கிருமியைக் கண்டார். அதற்குப் பிறகும் வாதம் ஓயவில்லை. சென்னையைப் பொறுத்தவரை 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டம் நிறைவேறியது. ஆனால் அந்த நீர் திறந்த கால்வாய் வழியாகவே கீழ்ப்பாக்கம் வரை வந்தது. வடிகட்டும் அமைப்பு எதுவும் இல்லை. ஏரியில் கலந்ததும் வழியில் கலந்ததும் அப்படியே குழாய்க்கு வந்தன. அந்தக் குழாயும் எல்லாத் தெருக்களுக்கும் வரவில்லை. சேரிக்காரருக்குக் குட்டையும் கூவமுமே மிச்சம்.

1891 டிசம்பர் 1 அன்று பண்டிதர் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே இயற்றப்பட்ட பத்துத் தீர்மானங்களைக் கல்வி, வேலை, பிரதிநிதித்துவம் என்ற வரிசையில் படிப்பதே நம் வழக்கம். பொதுச் சுகாதாரம் என்ற கண்ணால் படித்தால் மூன்று தீர்மானங்கள் முன்னே வந்து நிற்கின்றன. பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றி நீரெடுக்கும் உரிமை வேண்டும் என்பது ஒன்று. நகரசபைகளிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் இம்மக்களின் உறுப்பினர் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. சிறைச்சாலைகளில் பறையர் என்று எழுதப்பட்ட கைதிகளுக்கு இழிவான துப்புரவு வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும் என்பது மூன்றாவது. குடிக்கும் நீர், அதைத் தீர்மானிக்கும் மன்றம், மலம் அள்ளும் கை ஆகிய மூன்றும் ஒரே தாளில் எழுதப்பட்டன. அத்தாள் காங்கிரஸ் மகாசபைக்கும் அனுப்பப்பட்டது. பதில் வரவில்லை. மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரருந்தியது 1927இல். இடையில் 36 ஆண்டுகள்.

அதே 1891இல் செங்கற்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் நிலை குறித்த அறிக்கையை அரசுக்கு அளித்தார். பஞ்சமி நிலம் என்று இன்று நாம் மீட்கப் போராடும் நிலங்களுக்கு மூலம் அவ்வறிக்கையே. நிலத்தைப் போலவே குடியிருப்பு மனையையும் அவ்வறிக்கை பேசியது. தான் குடியிருக்கும் குடிசையின் மண்ணே மிராசுதாருக்குச் சொந்தமாக இருக்கும் போது, எந்தக் கூலியாள் அதில் கிணறு வெட்டுவான்? இதை நாம் ஒரு வசதிக் குறைவாகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. கிணறு வெட்ட மண்ணில்லாதவர், வெட்டிய கிணற்றில் இறங்க உரிமையில்லாதவர், வாந்திபேதிக் காலத்தில் எங்கே போவார் என்பதே கேள்வி.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் எழுந்து, விஷ்ணு கோயிலுக்குள் தம் மக்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டார். தஞ்சாவூர் சிவராம சாஸ்திரி என்பவர், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர், உங்களுக்கு மதுரைவீரனும் கறுப்பண்ணனும் இருக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார்.  அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், இலவசக் கல்வியும் தரிசு நிலமும் கொடுங்கள் போதும் என்ற கருத்தில் பண்டிதர் பதில் அளித்து அமர்ந்தார். கூட்டம் அவ்விரண்டையும் தீர்மானமாக ஏற்றது. அவர் வேதாந்தத்தை விட்டு விலகிய வழியில் இந்தக் கூட்டம் ஒரு முக்கியமான திருப்பம்.

இனி அவருடைய வாதத்துக்கு வருவோம். சாதி இந்துக்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போனார்கள். சேரி மக்கள் அசுத்தமானவர்கள், ஆகவே நோய் அங்கிருந்து பிறக்கிறது என்பதே அது. ஒருவர் அதைத் தீட்டு என்றார், மற்றவர் சுகாதாரக் குறைவு என்றார். பண்டிதர் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினார். ஊர்க் கிணற்றில் நல்ல நீர் மொள்ளவிடாமல் தடுத்தார்கள். வண்ணார் இவர்களுடைய துணியை வெளுக்கக் கூடாது என்றார்கள். அம்பட்டர் இவர்களுக்குச் சவரம் செய்யக் கூடாது என்றார்கள். இப்படி நீரும் வெளுப்பும் மழிப்பும் மறுக்கப்பட்ட உடம்பில் சொறியும் சிரங்கும் பேதியும் வந்த பின், அந்த நோயையே இவர்களுடைய பிறவிக் குணமாகக் காட்டினார்கள். தீட்டு என்பது காரணம் அன்று, திட்டமிட்டு உண்டாக்கப்பட்ட விளைவு என்பதே அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வரும் வாதம். இந்திரர் தேச சரித்திரம் முதலான நூல்களில் அவர் இதைப் பழைய பௌத்தரை ஒடுக்கிய வரலாறாக விரித்தார். அந்த வரலாற்றின் ஒவ்வொரு பகுதியையும் இன்றைய ஆய்வாளர் ஏற்க வேண்டும் என்பதில்லை. நோய்க் காரணத்தைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க யாராலும் இயலவில்லை.

இந்த வாதத்தில் வைத்தியரின் பழக்கம் தெரிகிறது. நோயாளி வந்து உட்கார்ந்தால், எதைக் குடித்தாய், எதை உண்டாய், எங்கே படுத்தாய் என்று கேட்பது சித்த மருத்துவத்தின் முதற்படி. உடம்பில் தெரிவதற்கு உடம்புக்கு வெளியே காரணம் தேடும் பயிற்சி அது. ஒரு சமூகம் முழுவதையும் அவர் அப்படியே கேட்டிருக்கிறார் என்று நமக்குத் தோன்றுகிறது.

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் தோன்றியது. மறு ஆண்டு பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டது. வீடு புகுந்து சோதிக்கவும், நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோகவும், பயணிகளைத் தடுத்து நிறுத்தவும் அதிகாரிகளுக்கு அது உரிமை தந்தது. கொரோனாக் காலத்தில் நம் மீது ஏவப்பட்டதும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பம்பாயில் மக்கள் கொதித்தெழுந்தபோது அரசு ஒரு சமரசம் செய்தது. சாதிக்கொரு பிளேக் மருத்துவமனை வைத்துக்கொள்ள அனுமதித்தது. எலியும் தெள்ளுப்பூச்சியும் சாதி பார்க்கவில்லை. மருத்துவமனைக் கட்டில் சாதி பார்த்தது. புனேயில் அதே 1897 மார்ச் 10 அன்று சாவித்திரிபாய் புலே மறைந்தார். முண்ட்வாவின் மகர் குடியிருப்பில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு, தம் மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமுக்கு நடந்தவர் அவர். அந்த நோயே அவரையும் பற்றியது. 1907ஆம் ஆண்டில் மட்டும் பிளேக்கால் இந்தியாவில் மாண்டவர்கள் 13 லட்சத்துக்கும் மேல்.

சென்னை நகரம் பம்பாயைப் போன்ற அழிவைக் காணவில்லை. மைசூர்ச் சீமையில் நோய் 1898இல் நுழைந்து பெங்களூரைப் பாழாக்கியது. எல்லை தாண்டி வருவோருக்குச் சென்னை மாகாண அரசு பிளேக் பாஸ்போர்ட் முறையை வைத்தது. வந்து சேர்ந்த ஊரில் நாள்தோறும் அதிகாரி முன் நின்று உடம்பைக் காட்ட வேண்டும். பெட்டி வண்டியில் வருபவருக்கு இது தொல்லை. கூலிக்கு ஊர் ஊராகப் போகிறவருக்கோ அன்றைய கூலி போயிற்று. கோலார் தங்கவயலுக்கும் வட ஆர்க்காட்டுச் சேரிகளுக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருந்த சுரங்கத் தொழிலாளரை எண்ணிப் பாருங்கள். பிற்காலத்தில் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு வலுவான தளமாக அமைந்தது அவர்களுடைய மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃப்சுமே.

அந்த 1898ஆம் ஆண்டிலேதான் பண்டிதர் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று, சுமங்கல மகாநாயக்கரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அவர் கடந்த அதே கடலைக் கடந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டத்தையும் எமது கரையிலிருந்து எழுதும் நாம் குறிப்பிடாமல் இருக்க முடியாது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக் கப்பலேறித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெருந்தொகையினர் பறையர், பள்ளர், சக்கிலியர். அவர்களுக்காகத் தூத்துக்குடிக்கு மேற்கே தட்டப்பாறையில் இலங்கை அரசு தனியாக ஒரு முகாம் நடத்தியது. அங்கே அடைத்துவைத்து, அம்மை குத்தி, துணிமணியைப் புகையூட்டி, நோயில்லை என்று உறுதியான பின்னரே கப்பலுக்கு அனுப்பினார்கள். தனுஷ்கோடி வழி திறந்த பின் அந்தப் பணி மண்டபம் முகாமுக்கு மாறியது. மண்டபம் கேம்ப் என்றால் இன்று ஈழ அகதிகள் நினைவுக்கு வருகிறார்கள். அதற்கு முன்னால் அது கூலிகளை நோய்க்குச் சோதித்த பட்டி. தோட்டத்துரையின் முதலீட்டைக் காக்க ஒரு கூலியின் உடம்பைப் பத்துமுறை பார்த்த அரசுகள், அவன் ஊர்க் கிணற்றை ஒரு முறைகூடப் பார்க்கவில்லை.

ஏரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1884ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சிற்றூர்களில் யூனியன்களை அமைத்து, வீட்டுவரி தண்டித் தெருவிளக்கும் துப்புரவும் பார்க்கும் பொறுப்பை அவற்றின் தலைவர்களிடம் விட்டது. ஆடி அமாவாசைக்கு லட்சம் பேர் கூடும் ஏரல் சேர்மன் கோயிலின் அருணாசல சுவாமி, 1906 முதல் 1908 வரை இவ்வூரின் சேர்மனாக இருந்து, 28 வயது நிறையும் முன் மறைந்தவர். தெருவின் துப்புரவுக்குப் பொறுப்பான பதவி ஒரு தெய்வத்தின் பெயராக நிலைத்தது உலகில் வேறெங்கும் உண்டா என்பது ஐயமே. அதே 1908இல்தான் கமுதிக் கோயிலில் நாடார்கள் நுழையக் கூடாது என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. சுத்தம் என்ற சொல்லுக்கு நகரசபைச் சட்டத்தில் ஒரு பொருளும் கோயில் வழக்கில் வேறொரு பொருளும் இருந்தன. பண்டிதர் மல்லுக்கு நின்றது அந்த இரண்டாவது பொருளோடு.

இராயப்பேட்டைக்குத் திரும்புவோம். பண்டிதரின் வைத்தியசாலைக்கு எல்லாச் சாதியாரும் வந்தனர். அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் திரு.வி.க. என்று தமிழுலகம் அறிந்த சிறுவர். கைகால் முடங்கிப் பள்ளிப் படிப்பு நின்றுபோன அவரைப் பண்டிதரின் மருத்துவமே மீட்டது. அதைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் திரு.வி.க. நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார். தீண்டக்கூடாது என்று விதிக்கப்பட்ட கை, வேளாளச் சிறுவனின் நாடியைத் தீண்டியது. நோய் வரும்போது தீட்டு விலகிக்கொள்கிறது. நோய் தீர்ந்த பின் திரும்பி வருகிறது. அந்த வைத்தியசாலைக்கு வந்து போனவர்களில் எத்தனை பேர் தம் ஊரில் கிணற்றைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே இராயப்பேட்டையில் 1911இல் அரசு மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளர் சார்லஸ் டோனோவன். 1903இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலா அசார் நோயின் கிருமியை மண்ணீரலில் கண்டு, தம் பெயரை மருத்துவ நூல்களில் பதித்தவர். ஒரே பேட்டையில் ஒருபுறம் நுண்ணோக்கி, மறுபுறம் ஏடு. இந்த இரண்டையும் எதிரெதிராக நிறுத்தி நாட்டு மருத்துவத்தின் பெருமை பேசுவது நமக்கு உடன்பாடன்று. காலராவையும் பிளேக்கையும் தடுத்தவை சுத்தமான நீரும் சாக்கடையும் தடுப்பூசியுமே. எந்தக் குளிகையும் அவ்வேலையைச் செய்யவில்லை. பண்டிதரின் பெருமை அவருடைய மருந்துப் பெட்டிக்குள் இல்லை. குழாய் எந்தத் தெருவில் முடிகிறது, ஏன் முடிகிறது என்பதை அவர் அறிந்திருந்தார். நுண்ணோக்கி அதைக் காட்டாது.

பெரியம்மையைப் பற்றி அவர் சொன்னது வேறு வகை. அம்மை குத்துவதை நகரங்களில் கட்டாயமாக்கும் சட்டம் 1884இலேயே வந்துவிட்டது. கிண்டியில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையமாகத் தொடங்கியதே இன்றைய கிங் நிலையம். மக்களோ அம்மையை மாரியின் வருகை என்று கொண்டார்கள். பண்டிதர் அம்பிகையம்மனைத் தெய்வமாகக் காணவில்லை. வேம்படியில் தங்கி நோயுற்றோருக்கு வேப்பிலையால் பணிவிடை செய்த பௌத்தப் பெண் துறவியாகக் கண்டார். அவர் மறைந்த பின் மக்கள் நன்றியால் விழா எடுத்தார்கள், பின்னால் வந்தோர் அதைப் பலியும் அச்சமுமாகத் திரித்தார்கள் என்பது அவர் கூறிய விளக்கம். சான்றுகளைத் தேடும் வரலாற்றாசிரியர் இங்கே தயங்குவார். ஆயினும் இதன் நோக்கம் தெளிவு. நோய் தரும் தாயை நோய் தீர்க்கும் தாயாக அவர் மாற்றினார். அம்மைக்கு அஞ்சிப் படையல் வைத்த வீட்டில் பணிவிடையையும் மருந்தையும் நினைவூட்டினார். அவர் காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் பலரும் மாரியம்மன் வழிபாட்டை மூடத்தனம் என்று ஏளனம் செய்து ஒதுங்கினர். சேரிப் பெண்ணின் கையிலிருந்த வேப்பிலையைப் பிடுங்காமல் அதற்கு வேறு கதை சொன்னவர் இவர்.

1907 ஜூன் 19 அன்று, ஒரு புதன்கிழமையில், இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. மறு ஆண்டில் தமிழன் என்று பெயர் சுருங்கியது. நான்கு பக்கம். அரசியல், சமயம், இலக்கணம், பெண்கள் நிலை, வேளாண்மை, வைத்தியம் எல்லாம் அதில் இடம்பெற்றன. தங்கவயல், ஹூப்ளி, ரங்கூன், தென்னாப்பிரிக்கா வரை அது போய்ச் சேர்ந்தது. சுதேசிக் கிளர்ச்சி தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் அவை. சொந்த நாட்டானுக்குத் தண்ணீர் தர மறுப்பவன் சுயராஜ்யம் கேட்பது எவ்வாறு என்பதே அவ்விதழ் வாரந்தோறும் எழுப்பிய வினா. ஆங்கில அரசின் மீது அவர் வைத்த நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பது நம் கருத்து. பஞ்சத்தில் தானியத்தை ஏற்றுமதி செய்ததும் அதே அரசே. எனினும் மருத்துவமனை வார்டிலும் ரயில் பெட்டியிலும் மட்டுமே சாதி கொஞ்சம் தளர்ந்ததைக் கண்ணால் கண்டவருக்கு, அவற்றைக் கொண்டுவந்தவர் மீது ஏற்பட்ட பற்று புரியாததன்று.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். சிறையில் பறையர் கைதி மலம் அள்ள வேண்டும் என்ற விதியை எதிர்த்தவர் அவர். பறையர் என்ற பெயரையே மறுத்து, சாதிபேதமற்ற திராவிடர், பூர்வ பௌத்தர் என்று எழுதச் சொன்னவர். மைத்துனர் இரட்டைமலை சீனிவாசன் பறையன் என்ற பெயரிலேயே இதழ் நடத்தியபோது அதனோடு அவர் உடன்படாததும் இதனாலேயே. ஆனால் பஞ்சமர் என்ற பொதுப்பெயரை அவர் மறுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது தோட்டி, சக்கிலி, குறவர், வில்லியர் ஆகியோரோடு தம் மக்களையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது என்பதே அக்காரணம். சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டோர் ஒரு சாரார், இயல்பிலேயே தாழ்ந்தோர் வேறொரு சாரார் என்று அவர் கோடு கிழித்தார்.

இந்தக் கோட்டை நாம் பூசி மெழுக முடியாது. சென்னை நகரின் உலர் கழிப்பிடங்களிலிருந்து மலக்கூடையைச் சுமந்து வண்டியில் கொட்டியவர்கள் யார்? கொள்ளைநோய்க் காலத்தில் நகரம் பிழைத்திருந்தது யாருடைய கையால்? நீர் மறுக்கப்பட்டதால் அசுத்தம் வந்தது என்று தம் மக்களைப் பற்றிச் சரியாகக் கண்ட அதே வைத்தியர், மலம் சுமக்க வைக்கப்பட்டதால் இழிவு வந்தது என்று அருந்ததியரைப் பற்றிக் காணத் தவறினார். அவருடைய சொந்தத் தருக்கமே அவரை அங்கே கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். ஒரு படி முன்னால் நின்றுவிட்டார். அருந்ததியர் தரப்பிலிருந்து எழுந்த விமர்சனம் நியாயமானது. அதை அவதூறு என்று ஒதுக்கும் தோழர்கள், பண்டிதரைக் காப்பாற்றுவதாக எண்ணி அவருடைய வாதத்தைத்தான் கைவிடுகிறார்கள்.

காலம் மாறியது என்றும் நாம் சொல்வதற்கில்லை. 1993இலும் 2013இலும் சட்டங்கள் வந்த பின்னும் தமிழ்நாட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குள் மூச்சுத் திணறி மாள்வோர் எந்தச் சாதியார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கிடந்தது. குழந்தைகள் நோயுற்று மருத்துவர் ஐயுற்ற பின்புதான் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். 1891இன் தீர்மானத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட நீரும் மலமும் 131 ஆண்டுகளுக்குப் பின் ஒரே தொட்டியில் கலந்திருந்தன.

1911 கணக்கெடுப்பில் தம் மக்களைப் பௌத்தர் என்று பதியச் செய்ய அவர் இயன்றவரை முயன்றார். அதற்குள் உடல் தளர்ந்திருந்தது. 1914 மே 5 அன்று மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழனை மீண்டும் கொண்டுவந்தார்.

பண்டிதர் மறைந்த அதே 1914இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. மேலை மருத்துவம் கற்றவருக்கே அது பதிவுரிமை தந்தது. நாட்டு வைத்தியர்கள் அதன் வெளியே நின்றார்கள். சித்தத்துக்கும் ஆயுர்வேதத்துக்கும் அரசுப் பள்ளி திறக்க மேலும் பத்தாண்டு ஆயிற்று. அப்பள்ளிகளின் வரலாற்றை எழுதியவர்கள் சேரி வைத்தியர்களை நினைக்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் செயல்படத் தொடங்கியது. செங்குன்றத்து நீர் மூடிய வாய்க்காலில் வந்து, மணற்படுகைகளில் மெல்ல வடிந்து, முதன்முறையாகச் சுத்தமாகக் குழாயில் இறங்கியது. பண்டிதர் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மலவண்டிகள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் அந்தத் தெருக்களில் விடியுமுன் ஓடிக்கொண்டிருந்தன.